கெஸல் கழற்றிப் போட்டதை நாம் ஏன் மாட்ட வேண்டும்?

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பழைய எம்.ஜி.பி. காரில் போய் இறங்கியவனுக்குத் தன் முதுகெலும்பில் எத்தனை கணு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நண்பரின் வண்டி அது. 1960-களின் கடைசியில் வந்தது, இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். முன்பக்கம் பிரமாதமாகப் போகும். பின்பக்கம் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் துணைக்கு ஆடும். வளைவில் அப்படி நேர்ந்தால் வண்டியின் வால் ஒரு துள்ளுத் துள்ளி விலகி நிற்கும். படகுத்துறைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். தண்ணீருக்கு அந்தப்புறம் பசியாவரம். நண்பர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: “பின்னாடி இண்டிபெண்டன்ட் போட்டுடலாம்னு இருக்கேன். புதுப்பேட்டை காயலான் கடையில பழைய பி.எம்.டபிள்யூ செட் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். கம்மி செலவுதான்.”

அந்தக் கம்மி செலவைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன்.

அவர் குறை சொன்னது நியாயம். எம்.ஜி.பி.யின் பின்னால் இருப்பது முழு ஆக்சில். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் கிரவுன், அதன் ஹவுசிங், இரண்டு சக்கரம் எல்லாம் ஒரே தண்டாக, இரண்டு ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குழியிலும் அந்த மொத்தக் கனமும் எகிறிக் குதிக்கிறது. அதை அடக்கும் அளவுக்கு மேலே உள்ள உடல் கனமாக இல்லை. வண்டியே ஒரு டன்னுக்குள்தான். இண்டிபெண்டன்ட் முறையில் கிரவுன் உடலோடு இணைந்துவிடும், சக்கரங்கள் மட்டும் தனித்தனியே ஏறி இறங்கும். 1961-இல் ஜாகுவார் இ-டைப் இதைச் செய்துகாட்டியது. கிரவுனையும் டிஸ்க் பிரேக்கையும் ஓர் இரும்புக் கூட்டுக்குள் நடுவில் வைத்து, அந்தக் கூட்டை ரப்பர் தாங்கிகளால் உடலில் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு சுருள் ஸ்பிரிங். கொள்கையளவில் நண்பரின் கட்சிக்கே வெற்றி.

ஆனால் கொள்கை ஒன்று, நாலு சக்கரத்தில் ஓடுவது ஒன்று. ஒரே கார் இரண்டு விதமாகவும் விற்ற சரித்திரம் உண்டு. டிரையம்ப் கம்பெனி 1965-இல் டி.ஆர்.4ஏ காருக்கு இண்டிபெண்டன்ட் பின்பக்கம் கொடுத்தது. அமெரிக்க விற்பனையாளர்கள், விலை ஏறும், பழைய முழு ஆக்சிலே போதும் என்றார்கள். அந்த நாட்டுக்கு இரண்டு வகையும் போயிற்று. புது வகை சொகுசாகப் போனது உண்மை. கூடவே கனமும் ஏறியது, வேகமெடுக்கும்போது வால் குந்தி உட்காரும் பழக்கமும் வந்தது. வரைபடப் பலகையும் சோதனைத் தடமும் சம்பளப் பொறியாளர்களும் உள்ள கம்பெனிக்கே கிடைத்த பலன் இவ்வளவுதான்.

இதைவிட நெருக்கமான சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அது. இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்த உடல், 948 சி.சி. எஞ்சின். அம்பாசடரும் ஃபியட்டும் முழு ஆக்சிலில் ஓடிய காலத்தில் ஹெரால்டுக்குப் பின்னால் இண்டிபெண்டன்ட்! கிரவுனைச் சேசிஸில் முடுக்கி, அதன் மேல் குறுக்காக ஒரே பட்டையைக் கிடத்தி, இரண்டு அரை ஆக்சில்களை ஊஞ்சல்போல ஆடவிட்டிருந்தார்கள்.

அந்த ஊஞ்சலில்தான் வினை. அரை ஆக்சில் அரை மீட்டர் நீளம் என்று வையுங்கள். சக்கரம் 5 செ.மீ. ஏறினாலோ இறங்கினாலோ ஏறத்தாழ 6 டிகிரி சாய்ந்துவிடும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான் என்று நம் குடும்பம் ஏறினால் சக்கரங்களின் மேல்பாகம் உள்ளே சரிந்து, வண்டி காலை அகட்டி நிற்கும். டயரின் உள்விளிம்பு தேயும். ஆளில்லாமல் வேகமாக வளைவெடுத்தால் நேரெதிர்: பின்பக்கம் மேலே எழும்பி, சக்கரம் அடியில் மடங்கப் பார்க்கும். அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புத்தகத்தில் ஷெவர்லே கோர்வெய்ரைக் கூண்டில் ஏற்றியதும் இதே ஊஞ்சல் ஆக்சிலுக்காகத்தான். டிரையம்ப் பின்னாளில் ஜி.டி.6 காருக்குக் கீழே ஒரு கை கூடுதலாகக் கொடுத்தது. 1970-இல் ஸ்பிட்ஃபயருக்குப் பட்டையின் பெரும்பாலான இதழ்கள் அசையும்படி மாற்றியது. பெருங்களத்தூர்க்காரர்கள் எடுத்த முடிவு வேறு. ஹெரால்டை வைத்தே அவர்கள் செய்த கெஸல் 1972-இல் வந்தபோது எஞ்சின் அதே 948 சி.சி., பின்னால் மட்டும் முழு ஆக்சில். ஊஞ்சல் ஆக்சில் வாங்குபவருக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குக்கும் பிடிக்கவில்லை. குறுக்குப் பட்டையைக் கழற்றி மாட்ட அதை இழுத்துப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். சாலையோர ஷெட்டில் அது எங்கே கிடைக்கும்?

கெஸலைப் பின்னடைவு என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கைக்காசுக்கும் ஊர்ச்சாலைக்கும் ஷெட்டுக்காரரின் கைக்கும் ஏற்ற முழு ஆக்சில், அரைகுறை இண்டிபெண்டன்டை விட மேல் என்று ஒரு கம்பெனி தன் பணத்தைப் போட்டு ஒப்புக்கொண்டது அது.

இடையில் ஒன்று. நண்பர் பேசிக்கொண்டிருந்தபோது எங்களைத் தாண்டி ஓர் ஆட்டோ போயிற்று. அதன் இரண்டு பின்சக்கரமும் தனித்தனிக் கையில், இண்டிபெண்டன்டாகத்தான் ஆடுகின்றன. சாலையிலேயே மலிவான வண்டிக்கு அது எப்படிக் கட்டுப்படியானது? எஞ்சினும் கிரவுனும் பின்னாலேயே உடலில் முடுக்கப்பட்டிருப்பதால் பிறவியிலேயே அது அப்படி. பிறவியில் வந்தால் இண்டிபெண்டன்ட் மலிவு. ஒட்டுப்போட்டால்தான் குடியைக் கெடுக்கும்.

ஒட்டு வேலைக்கு வருவோம். செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் தயாராகின்றன. அடிபட்ட 3 சீரிஸின் பின்பகுதி காயலான் கடைக்கு வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதன் பின்சக்கரங்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், எம்.ஜி.பி.க்கு ஒன்றேகால். ஆக, இருபுறமும் பன்னிரண்டு செ.மீ. சொச்சம் வெட்ட வேண்டும். கூட்டை வெட்டி ஒட்டி, ஒரு சக்கரத்துக்கு ஐந்தாக இருக்கும் கைகளின் கோணம் கெடாமல் உள்ளே தள்ளி, அரை ஆக்சில்களைக் குறுக்கி லேத்தில் பல்லெடுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டை அளவுக்குக் கொண்டுவந்து பேலன்ஸ் பார்த்து, ஹேண்ட்பிரேக் கேபிள் புதிதாகக் கட்டி… முன்சக்கரத்துக்கு நாலு போல்ட், பின்சக்கரத்துக்கு ஐந்து என்று நிற்கும். கிரவுன் ரேஷியோவும் வேறு. ஸ்பிரிங்கோ ஒன்றரை டன் வண்டிக்குச் செய்தது. ஒரு டன் வண்டிக்கு அது பாறை. மெத்தென்று போகக் கிளம்பியவர் முன்னைவிடக் கடினமான வண்டியில் போவார்.

இத்தனையையும் ஒரு நல்ல லேத்காரரும் வெல்டரும் செய்துவிடலாம். எனக்குப் பயம் வேறிடத்தில். எம்.ஜி.பி.க்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தகட்டு உடலே எலும்பு. பட்டையின் இரு முனையும் மாட்டும் இடத்தில்தான் சுமை தாங்க வலுவூட்டியிருக்கிறார்கள். புதுக் கூடு வேறிடத்தில் பிடிக்கும், அங்கே இருப்பது வெறும் தகடு. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் இருந்ததால் பெருங்களத்தூரில் ஒன்றை எடுத்து ஒன்றைப் போட முடிந்தது. இங்கே வெல்டிங் பிடித்ததா என்பது முதல் பெரிய பள்ளத்தில்தான் தெரியும். அதிலும் பழவேற்காடு உப்புக்காற்று வீசும் ஏரிக்கரை. புது வெல்டின் ஓரத்தில் பெயின்ட் படாத ஓர் இடுக்கு இருந்தால் துரு அங்கேதான் குடியேறும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வயது கடந்து பழைய வடிவிலேயே இருக்கும் வண்டிக்குத்தான் ‘விண்டேஜ்’ பதிவு. பி.எம்.டபிள்யூ வாலோடு அந்த வரிசையில் போய் நிற்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: வேண்டாம். அந்தக் காருக்கென்றே அளவெடுத்துச் செய்த முழு கிட்டை வாங்கி, சட்டம் அனுமதிக்கும் நாட்டில் மாட்டுபவரோடு எனக்குச் சண்டையில்லை. குறைந்த செலவில் பழைய சாமானை வெட்டி ஒட்டும் இண்டிபெண்டன்ட், நல்ல முழு ஆக்சிலிடம் தோற்கும். பணத்தில் மட்டுமல்ல, சவாரியிலும்.

நண்பரிடம் சொன்னது இதுதான். லாரிக்குப் பட்டை அடித்துத் தருபவரிடம் இரண்டு பட்டையையும் கொடுத்து வளைவைச் சரிபார்த்து வாங்குங்கள். எல்லா ரப்பர் புஷ்ஷையும் மாற்றுங்கள். பழைய லீவர் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். வால் பக்கவாட்டில் விலகுவது அப்போதும் நிற்காவிட்டால் உடலுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே குறுக்குக் கம்பி ஒன்று, பேனார்டு ராடு, போட்டுப் பார்க்கலாம். அவர் புஷ்ஷை மட்டும் மாற்றினார். துள்ளல் பாதியாகக் குறைந்தது.

ஒரு சந்தேகம் எனக்கும் மிச்சமிருக்கிறது. ஹெரால்டையும் கெஸலையும் ஒரே நாளில், ஒரே சாலையில், ஒரே டயரில் ஓட்டிப் பார்த்தவர் எழுதிய எதையும் நான் படித்ததில்லை. இரண்டையும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தச்சூர் கூட்டுச்சாலையில் திரும்பிப் பழவேற்காடு வரை இரண்டையும் கொண்டுவாருங்கள். ஹெரால்டின் பின்சீட்டில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.