பட்டியலும் அரமும்

சென்ற இதழில் நான் கொடுத்திருந்த பத்துக் கவிஞர்களின் பட்டியலைப் பற்றி நண்பர்கள் நேரிலும் கடிதத்திலும் கோபித்துக்கொண்டார்கள். விடுபட்டவர்களின் கோபம் எதிர்பார்த்ததுதான். இடம்பெற்றவர்களில் ஒருவரும் கோபித்துக்கொண்டதுதான் என்னை யோசிக்க வைத்தது. "ஏன் என்று சொல்லாமல் வரிசையில் நிறுத்திவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். அது கிதார்களைப் பற்றியதாகப் போய்விட்டது.

திண்டுக்கல்லில் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு நெடுங்காலம் வாசித்த ஒருவரை எனக்குத் தெரியும். மாஸ்டர் என்றே எல்லோரும் கூப்பிடுகிறோம். வீட்டு முன்னறையில் ஐந்து கிதார்கள் ஆணியில் தொங்குகின்றன. நான்கு நல்ல நிலையில் இருப்பவை. துடைத்து, தந்தி மாற்றி, வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். ஐந்தாவது பார்க்கச் சகிக்காது. வீணையில் மெட்டுகள் மெழுகுக் கட்டின் மேல் உயர்ந்து நிற்பதால், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டுவிடலாம். கிதாரில் விரல் மரத்தில் போய் முட்டிக்கொள்கிறது. அசைவுக்கு இடம் கொஞ்சம்தான். மாஸ்டர் ஒரு பூட்டுப் பட்டறையிலிருந்து அரைவட்ட அரம் வாங்கிவந்து, மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்தெடுத்திருக்கிறார். ஜான் மெக்லாலின் எழுபதுகளில் சக்தி குழுவில் வாசித்த கிதாரிலும் இதே குடைவு உண்டு. ஆனால் அது கிதார் செய்வதையே தொழிலாகக் கொண்டவரின் கைவேலை. இது திண்ணை வேலை. கழுத்து வளைந்துவிட்டது, மேல் ஸ்தாயியில் சுருதி சேர்வதில்லை. அதில்தான் அவர் தோடியின் காந்தாரத்தை அசைத்துக் காட்டினார். அது தோடி காந்தாரம்தான் என்று நான் சாதிக்க மாட்டேன். மற்ற நான்கிலும் வராத ஏதோ ஒன்று என்பது மட்டும் நிச்சயம்.

"இதை ஏன் மாஸ்டர் இன்னும் மாட்டி வச்சிருக்கீங்க?"

"மத்ததெல்லாம் வாங்குனது தம்பி. இது ஒண்ணுதான் நான் கெடுத்தது."

இந்த ஐந்து கிதார்களோடு சேர்த்து எனக்கு நினைவு வந்தது, அளவில் பொருத்தமே இல்லாத வேறொரு சேகரம். கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் (1840-1914) சங்கீத வித்வான், நூலாசிரியர். 1871ல் இசைப்பள்ளி தொடங்கியவர். கருவிகளைப் பற்றி 1875ல் ‘யந்திர கோஷம்’ என்ற நூலை வெளியிட்டவர். 1876ல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு நூற்றை ஒட்டிய இந்தியக் கருவிகளைப் பரிசாக அனுப்பினார். மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ் இசைக்கல்லூரியில் உருவான அருங்காட்சியகத்துக்கு இவை அஸ்திவாரங்களில் ஒன்று. வேறு நாடுகளுக்கும் இப்படி அனுப்பியிருக்கிறார். எங்களிடமும் சாஸ்திரம் இருக்கிறது, நாகரிகம் இருக்கிறது என்று வெள்ளைக்காரனுக்குக் காட்டும் தவிப்பு அதில் தெரிகிறது. இன்றைக்கு நாம் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். மொழிபெயர்ப்பு ஆகிவிடாதா என்று அயல்நாட்டை எட்டிப் பார்க்கும் எழுத்தாளர்கள் மட்டும் சிரிக்க வேண்டாம். பரிசோதனையில் கெட்டுப்போன ஸிதாரை யாரும் ராஜாவுக்கு அனுப்பமாட்டார்கள்.

ஆனால் கதை கண்ணாடிப் பெட்டியோடு முடியவில்லை. அந்த அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளர் விக்டர் மஹில்லோன் தானே கருவிகள் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1880ல் வெளிவரத் தொடங்கிய தம் அட்டவணையில் அவர் உலகக் கருவிகளையெல்லாம் நான்கு இனமாகப் பிரித்தார். நாட்டிய சாஸ்திரத்தின் தத, சுஷிர, அவநத்த, கன என்ற பகுப்பின் செல்வாக்கு அதில் இருப்பதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஹார்ன்போஸ்டலும் ஸாக்ஸும் 1914ல் அதை விரித்துத்தான் இன்றுவரை புழங்கும் முறையை அமைத்தார்கள். ஆக, ஒருவர் பெருமைக்குக் கொடுத்த சேகரம் இன்னொருவர் கையில் சிந்தனையாயிற்று. எது அதிர்ந்து ஒலி எழுகிறது என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு கருவியிடமும் அவர் கேட்டார். நம் உரையாசிரியர்கள் தோல், துளை, நரம்பு என்பவற்றோடு மிடற்றையும் ஒரு கருவியாக எண்ணினார்கள். மிடற்றை எந்த மன்னருக்கும் பெட்டியில் அடைத்து அனுப்ப முடியாது.

2019 ஜூன் 20ஆம் தேதி பிங்க் ஃப்ளாயிட் குழுவின் டேவிட் கில்மர் தம் கிதார்களில் 120க்கு மேல் நியூயார்க்கில் ஏலத்துக்கு விட்டார். 2 கோடி டாலருக்கு மேல் சேர்ந்த தொகையைச் சுற்றுச்சூழலுக்காக வழக்காடும் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அதிகம் போனது 1970ல் அவர் வாங்கிய கறுப்பு கிதார்: 39,75,000 டாலர். அது கன்னி கழியாத பொருள் அல்ல. கழுத்தைப் பலமுறை மாற்றி, உடம்பில் துளை போட்டு, பிறகு அடைத்து, ஒரு கருவியை என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்திருக்கிறார். இடையில் சில ஆண்டுகள் காட்சிப் பொருளாக இருந்துவிட்டு 2005ல் மீண்டும் மேடையேறியது. பணம் கொடுத்தவர் வாங்கியது அந்தத் தழும்புகளையா, கில்மரின் பெயரையா என்பது வேறு விஷயம்.

க.நா.சு.வின் பட்டியல்களை நாம் வேண்டிய மட்டும் கேலி செய்தாயிற்று. அவை இல்லாவிட்டால் என் போன்றவர்கள் மௌனியை இவ்வளவு சீக்கிரம் தேடிப் போயிருக்கமாட்டோம். சேகரத்தின் உபயோகம் அது: எங்கே போகவேண்டும் என்று கை காட்டுகிறது. இங்கிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய வத்தலக்குண்டைச் சேர்ந்த சி.சு. செல்லப்பா, 1959ல் ‘எழுத்து’ ஆரம்பித்து, வேறு காரியம் செய்தார். ஆணியில் தொங்கியதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய அலசலைப் படிப்பது பல இடங்களில் அலுப்பான வேலை. ஒரே இடத்தில் அரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். சில சமயம் மரமே போய்விடும். ஆனாலும் ஒரு கவிதை எங்கே அசைகிறது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை விரல் வைத்துத்தான் சொன்னார். பட்டியல் போடுகிறவன் விரலுக்கு அந்த வலி கிடையாது. என் விரலுக்கும் கிடையாது. பத்துப் பெயரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி ஆறுவதற்குள் எழுதிவிட்டேன்.

நான் விட்டவர்களில் ஒருவரை நண்பர்கள் ஊகித்திருப்பார்கள். அவருடைய நீள்கவிதை தோற்றுப்போன கவிதை என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. பின்பாதியில் அது வளைந்துவிடுகிறது. ஆனால் நான் வரிசையில் நிறுத்திய பத்துப் பேரில் யாரும் முயலாத ஓர் அசைவுக்காகப் பேச்சு மொழியை அவர் குடைந்திருக்கிறார். அதை அடுத்த இதழில் வரி வரியாக எடுத்துக்கொள்கிறேன். சுருதி சேராத இடங்களையும் சொல்வேன். அவர் பெயரை ஏன் விட்டேன் என்பதையும் அப்போது சொல்லியாக வேண்டும்.