றொக் இசையும் தொழில்சாரா விமர்சகர்களும்: சில குறிப்புகள்

"கிட்டார் வாசிக்கவும் தெரியாது, பாட்டெழுதவும் தெரியாது. இவங்க யாரு மாமா தீர்ப்புச் சொல்ல?"

எனது சகோதரியின் மகன் அண்மையில் இப்படிக் கேட்டான். அவன் றொக் இசைப் பிரியன். தான் விரும்பும் குழுவொன்றின் இசைத்தட்டை யாரோ ஒரு ரசிகர் மட்டந்தட்டி எழுதியதை வாசித்த கோபம் அவனுக்கு. கேள்வி றொக் இசை பற்றியதாயினும் அது என்னையும் தைத்தது. நானும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியன்தான். ஆசிரிய கலாசாலையில் படித்ததைத் தவிர, விமர்சனம் எழுத எனக்கு வேறு தகுதி எதுவுமில்லை.

றொக் இசை விமர்சனமே இத்தகைய 'தகுதியற்றவர்'களால்தான் வளர்க்கப்பட்டது. 1966இல் போல் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கல்லூரி மாணவர் 'க்ரோடாடி' என்ற சஞ்சிகையை றோணியோ செய்து வெளியிட்டார். அன்றைய அமெரிக்கப் பத்திரிகைகள் பலவற்றுக்கு இவ்விசை பதின்ம வயதினரின் பொழுதுபோக்கு மட்டுமே. அதனைக் கருத்தூன்றிக் கேட்டு எழுதலாம் என்று காட்டியவர் ஒரு சாதாரண ரசிகர். சிற்றிதழ்களோடு வளர்ந்த எமக்கு இது அந்நியமான கதையல்ல.

அவ்வழியில் வந்தவர்களுள் லெஸ்டர் பேங்ஸ் முக்கியமானவர். கலிபோர்னியாவின் எல் கஹோன் நகரில் வளர்ந்தவர். 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகை வாசகர்களிடம் விமர்சனங்களைக் கோரியபோது அவரும் எழுதி அனுப்பினார். 1969 ஏப்ரலில் அதில் வெளியான அவரது விமர்சனம், எம்.சி.5 குழுவின் 'கிக் அவுட் த ஜாம்ஸ்' பற்றியது. டெட்ரோயிட் நகரில் ரசிகர் முன்னிலையில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட அந்த இசைத்தட்டை வெறும் ஆரவாரம், பாசாங்கு என்று இருபது வயது பேங்ஸ் தூக்கியெறிந்தார். பின்னர் அதே இசைத்தட்டைத் தனக்கு மிகப் பிடித்தவற்றுள் ஒன்றாகக் கொண்டாடினார். பிளாக் சபத் குழுவின் முதல் இசைத்தட்டை 1970இல் இகழ்ந்தவரும் அவரே. 1972இல் 'க்ரீம்' சஞ்சிகையில் அக்குழுவினரை ஒழுக்கவாதிகளாகக் கண்டு நீண்ட கட்டுரை எழுதியவரும் அவரே.

மருமகன் இதையே பிடித்துக்கொண்டான். "பாத்தீங்களா மாமா, அவருக்கே அவர்ட தீர்ப்புல நம்பிக்கயில்ல."

நான் அவ்வாறு கருதவில்லை. புதிய ஓசை, பழகாத செவிக்கு முதலில் இரைச்சலாகவே படும். முதற் தீர்ப்புத் தவறுவது பெருங்குற்றமன்று. மீண்டும் கேட்பதும், மனம் மாறியதை அச்சிலேயே ஒப்புக்கொள்வதும்தான் அரிது. மேலும், பேங்ஸ் தனக்குப் பிடிக்காமைக்குக் காரணம் சொன்னார். காரணத்தோடு வாசகன் வாதிடலாம். வெறும் 'நன்று', 'தீது' என்பவற்றோடு வாதிட முடியாது.

இதனால்தான் புள்ளியிடும் விமர்சனத்தில் எனக்குத் தயக்கமுண்டு. ரொபர்ட் கிறிஸ்ட்கோ 1969 முதல் நியூயோர்க்கின் 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகையில் இசைத்தட்டுகளுக்குப் பரீட்சைத் தாள்களைப் போல எழுத்துத் தரம் வழங்கினார். கூடவே அவர் எழுதிய சில வரிகள் செறிவானவை. ஆனால் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தால் மாணவன் முதலில் புள்ளியைத்தான் பார்க்கிறான். ஓரத்தில் நான் எழுதிய குறிப்பைப் பார்ப்பதில்லை. வாசகனும் அப்படித்தான்.

ரசனை இருந்தாற் போதும் என்றும் நான் வாதிடவில்லை. பேங்ஸிடம் நையாண்டி மிகுதி. அது வாசகனுக்குச் சுவை, படைத்தவனுக்குக் காயம். எனினும், 1979இல் அதே 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகையில் நியூயோர்க் பங்க் இசை வட்டாரத்தின் இனவாதத்தைக் கண்டித்து எழுதியபோது, தானும் இழிசொற்களை விளையாட்டாகப் பேசித் திரிந்ததை அவர் மறைக்கவில்லை. அவரது எழுத்துகளுள் நான் உயர்வாக மதிப்பது இதனையே. 1982இல், முப்பத்து மூன்று வயதில் அவர் காலமானார்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பல வருடங்களுக்கு முன்னர் ஒரு வெளியீட்டு விழாவில், ஓர் இளைஞரின் முதற் கவிதைத் தொகுதியை நான் கிழித்துப் பேசினேன். நூலை ஓரிரவில் புரட்டியதுதான் எனது ஆயத்தம். சபை சிரித்தது, எனக்கும் உற்சாகமாயிருந்தது. அவர் பிறகு எதனையும் வெளியிட்டதாகத் தெரியவில்லை. சென்ற வருடம் அத்தொகுதி தற்செயலாகக் கையிற் கிடைத்தது. நான் கொச்சை என்று ஒதுக்கியது அவரது ஊரின் பேச்சோசை. ஏழெட்டுக் கவிதைகள் நல்ல கவிதைகள். அன்று சபையில் சொன்னது தவறு என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் இதனை வாசிப்பாரா என்பது வேறு விடயம்.

எங்கள் விழா மேடைகளில் ஒன்றில் அளவற்ற புகழ்ச்சி, அல்லது ஒரேயடியாக நிராகரிப்பு. இரண்டுக்கும் நூலைத் திரும்ப வாசிக்க வேண்டிய அவசியமில்லை. எனவே மருமகனுக்கு எனது பதில் இதுதான்: பாடத் தெரியாதவனும் பாட்டைப் பற்றிப் பேசலாம். ஆனால் அவன் இரண்டாந் தடவையும் கேட்டிருக்க வேண்டும்.