மௌனச் செய்திப்படங்கள்: காக்கப்பட்டவையும் கலைக்கப்பட்டவையும்

மௌனப்பட காலத்துச் செய்திப்படங்கள் இதழ்களாக வெளிவந்தவை. பிரான்சில் பாத்தே நிறுவனம் தொடங்கிவைத்த இந்த வழக்கம் 1910-இல் பிரிட்டனுக்கு வந்தது. அந்த ஆண்டிலேயே 'பாத்தேஸ் அனிமேட்டட் கெசட்', 'கோமான்ட் கிராஃபிக்' ஆகியவையும், 1911-இல் 'டாபிக்கல் பட்ஜெட்'டும் தொடங்கின. விரைவிலேயே வாரம் இருமுறை வெளியீடு வழக்கமாயிற்று. ஓர் இதழில் நான்கைந்து செய்திகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எழுத்து அட்டை வரும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் சொச்சம் ஓடும். புதிய இதழுக்கு வாடகை அதிகம், நாளாக ஆகக் குறையும். ஆகவே சிறு கொட்டகைகளின் ரசிகர்கள் பார்த்தது பெரும்பாலும் பழைய செய்திதான்.

2014 ஏப்ரலில் பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 1896 முதல் 1976 வரையிலான தன் கையிருப்பிலிருந்து ஏறத்தாழ 85,000 படங்களை யூடியூபில் ஏற்றியது. படப் பாதுகாப்பில் இது ஒரு பெரும் சாதனை என்ற பாராட்டு அன்று எழுந்தது, இன்றும் தொடர்கிறது. பாராட்டில் நியாயம் உண்டு. அக்காலப் படங்கள் பதிவான நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும். குளிரூட்டிய அறையில் வைக்காவிட்டால் பிசுபிசுத்துக் கடைசியில் பொடியாகும். அந்தக் கதியிலிருந்து தப்பிய படங்களை எவரும் வீட்டிலிருந்தே பார்க்க முடிவது சிறிய காரியமல்ல.

எனினும் பார்வைக்கு வந்திருப்பது இதழ் அல்ல, இதழிலிருந்து பிரிந்த துண்டு. 85,000 என்பதும் துண்டுகளின் எண்ணிக்கையே. அரசரின் வருகைக்கு அடுத்து வேலைநிறுத்தம் வந்ததா, நாய்க் கண்காட்சி வந்ததா என்பதைத் துண்டு சொல்லாது. எதை முதலில் காட்டுவது, எதை ஒரே வீச்சில் கடந்துபோவது என்பதில்தான் தொகுப்பாளரின் அரசியல் இருந்தது. 1917-இல் பிரிட்டிஷ் போர் அலுவலகம் டாபிக்கல் பட்ஜெட்டைத் தன் வசம் எடுத்துக்கொண்டபோது அது விரும்பியது தனிக் காட்சிகளை மட்டுமல்ல, வாரம் இருமுறை கொட்டகைக்குள் நுழையும் அந்த வரிசையையும்தான். வரிசை கலைந்தால் பிரச்சாரமும் வெறும் காட்சியாகிவிடுகிறது.

1913 ஜூன் 4 அன்று எப்சம் டெர்பி பந்தயத்தில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய எமிலி டேவிசன் ஓடுபாதையில் இறங்கினார். அரசரின் குதிரை அன்மர் அவர்மீது மோதியது. நான்கு நாள் கழித்து இறந்தார். கேமராக்கள் அங்கே போயிருந்தது பந்தயத்துக்காக. அந்தப் பந்தயமே ஒரு பரபரப்பு: முதலில் வந்த கிராகனூர் தகுதிநீக்கம் செய்யப்பட்டது, நூற்றுக்கு ஒன்று என்று பந்தயம் கட்டப்பட்ட அபாயர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. இன்று சுற்றிவரும் துண்டுகளில் மோதல் நடக்கும் சில நொடிகளே எஞ்சியிருக்கின்றன. அந்த மரணம் அன்றைய ரசிகருக்கு ஒரு விளையாட்டுச் செய்திக்குள் வந்துசேர்ந்தது என்பது மறைந்துபோகிறது. அது எந்த நிறுவனத்தின் கேமரா என்பதுகூடப் பல இடங்களில் சொல்லப்படுவதில்லை. ஆனால் 2013-இல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி மூன்று கேமராக்களின் பதிவுகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்த பிறகே, அவர் குதிரையின் கடிவாளத்தில் ஒரு துணியை மாட்ட முயன்றிருக்கலாம் என்ற வாதம் வலுப்பெற்றது. மூலம் தெரியாத துண்டுகளை வைத்து இதைச் செய்திருக்க முடியாது.

கலைத்தவர்கள் செய்திப்பட நிறுவனங்களே, காப்பகங்கள் கிடைத்ததைத்தான் காத்தன என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. பாதி உண்மைதான். பழைய காட்சிகளை விலைக்கு விற்பதற்காக நிறுவனங்கள் நெகட்டிவ்களை வெட்டி, பொருள்வாரியாக அடுக்கின. ஆனால் வியாபாரத்துக்கு வசதியான அந்த அடுக்கையே பட்டியலிடும் முறையாகவும் ஏற்றுக்கொள்வது, நாளிதழைக் கத்தரித்துத் துணுக்குகளை உறையில் போட்டுவிட்டு நாளிதழைக் காத்துவிட்டதாகச் சொல்வதற்குச் சமம். கொட்டகையில் ஓடிய செய்தியும், வெளியிடாமல் ஒதுக்கிய காட்சியும் ஒரே தேடலில் ஒன்றுபோல வந்து நிற்கின்றன. ஒதுக்கியவை பலவற்றின் குறிப்பில் தேதியும் இடமும் தெளிவில்லை என்றே எழுதியிருக்கிறது. தேதியில்லாத செய்திப்படத்தால் வரலாற்றாளருக்கு என்ன பயன்? காட்சிகளை விலைக்கு வாங்கும் விளம்பர நிறுவனத்துக்கு மட்டும் அது தடையாவதில்லை.

வேறு குறைகளும் உண்டு. நொடிக்குப் பதினாறு சட்டக வாக்கில் எடுத்ததை இருபத்தைந்தில் ஓட்டுவதால் மனிதர்கள் துள்ளி ஓடுகிறார்கள். ஒலிப்படத்துக்கான அளவில் படியெடுத்ததால் இடது ஓரம் வெட்டுப்படுகிறது. இவையெல்லாம் மறுபடி படியெடுத்தால் சரியாகும். வரிசை அப்படித் திரும்பி வராது.

வரிசைக்கு எழுத்துச் சான்று வேண்டும். சோவியத் இயக்குநர் சீகா வெர்த்தோவ் 1918-இல் தொகுத்த 'புரட்சியின் ஆண்டுவிழா' என்ற படம், 'கினோ-நெதேலியா' முதலான செய்திப்படக் காட்சிகளால் ஆனது. பிற்காலத்தில் துண்டுதுண்டாகச் சிதறியது. அதன் எழுத்து அட்டைகளின் முழுப் பட்டியல் மாஸ்கோவில் கிடைத்த பிறகே, திரைப்பட வரலாற்றாளர் நிகோலாய் இஸ்வோலவ் ரஷ்யக் காப்பகத்திலிருந்த துண்டுகளைக் கோத்து 2018-இல் படத்தை மீட்டார். பிரிட்டிஷ் செய்திப்படங்களுக்கு அத்தகைய பட்டியலைத் தேட வேண்டியதில்லை. 1969-இல் லண்டன் ஸ்லேட் கல்லூரியில் தொடங்கிய பதிவேட்டின் வழியாக, இதழ் எண், வெளியான நாள், செய்திகளின் வரிசை ஆகியவற்றைப் பல்கலைக்கழகங்கள் தொகுத்து வைத்திருக்கின்றன. துண்டுகளோ பெரும்பாலும் இந்த எண்கள் இல்லாமலேயே யூடியூபில் ஓடுகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் கீழே அதன் இதழ் எண்ணையும், முன்னும் பின்னும் வந்த செய்திகளையும், அவற்றுள் அழிந்துபோனவை எவை என்பதையும் எழுதிவைக்கப் புதிதாக ஓர் அடி ஃபிலிம்கூடத் தேவையில்லை.