சிலப்பதிகாரத்தை எந்த எழுத்தில் தேடுவது?

2006ஆம் ஆண்டு வட கரோலினாவின் ஷார்லட் – மெக்லென்பர்க் கவுண்டி பொது நூலகம் தன் ஊழியர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தது. 9 வாரங்கள், 23 வேலைகள். வலைப்பூ ஒன்று தொடங்க வேண்டும். ஃப்ளிக்கரில் படம் ஏற்ற வேண்டும். டெலிஷியஸில் சுட்டிகளுக்குக் குறிச்சொல் இட வேண்டும். லைப்ரரிதிங்கில் தன் புத்தகங்களை அடுக்க வேண்டும். விக்கியில் எழுதிப் பார்க்க வேண்டும். வகுப்பும் கிடையாது, தேர்வும் கிடையாது. முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு.

ஹெலீன் பிளவர்ஸ் வடிவமைத்த இந்தத் திட்டத்தின் பெயர் 'கற்றல் 2.0'. நூலகர்கள் நடுவே '23 விஷயங்கள்' என்று சொன்னால்தான் தெரியும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டதால் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிந்தது. மெல்பர்னின் யாரா பிளென்டி நூலகம் எடுத்துக்கொண்டது. நம்மவர்கள் நிறைய வாழும் ஹூஸ்டன் பக்கம் ஹாரிஸ் கவுண்டி நூலகமும் எடுத்துக்கொண்டது.

நிறுவனங்களுக்கு மென்பொருள் மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பயிற்சிக்கு வருகிறவர்களின் முதல் எதிரி கருவி அல்ல, எதையாவது தப்பாக அழுத்திவிடுவோமோ என்ற பயம். இந்தத் திட்டம் அந்தப் பயத்தைச் சரியாகப் பிடித்தது. அதன் தொடக்கப் பாடம் 'ஏழரைப் பழக்கங்கள்'. நமக்கு ஏழரை என்றதும் சனிதான் நினைவுக்கு வரும். அங்கே அந்த அரைப் பழக்கத்தின் பெயர் 'விளையாடு'. நடு வயதைக் கடந்த ஊழியரையும் அலுவலக நேரத்தில் விளையாடச் சொன்ன நிர்வாகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தப் பாடத்திட்டத்தை இன்று பிரித்துப் பார்த்தால் பாதிக் கருவிகள் உயிரோடு இல்லை. டெலிஷியஸ் 2017இல் கைமாறி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி முடங்கியது. ரோல்யோவின் பெயரே பலருக்கு மறந்துவிட்டது. சென்னையில் உருவான ஸோஹோ ரைட்டர் போன்ற சில பிழைத்திருக்கின்றன. 'கருவி போனால் என்ன, கை பழகிவிட்டதே' என்பது திட்டத்தின் ஆதரவாளர்கள் வாதம். அதை ஏற்கிறேன். என் குறை வேறு. பழகிய கை நூலகத்தின் நடுக்கூடம் வரை வரவில்லை. நடுக்கூடம் என்று நான் சொல்வது நூற்பட்டியலை.

குறிச்சொல்லின் அடிப்படை எளிமையானது. ஒரு புத்தகத்தை வாசகர் எந்தச் சொல்லால் நினைக்கிறாரோ, அந்தச் சொல்லாலும் அது கிடைக்க வேண்டும். இது யாருக்குத் தேவைப்பட்டதோ இல்லையோ, தமிழ் வாசகருக்குத் தேவைப்பட்டது. அமெரிக்க நூலகங்களின் கணினிப் பட்டியலில் சீனம், ஜப்பானியம், கொரியம், ஹீப்ரு, அரபு எழுத்துகள் 1980களிலும் 90களிலும் நுழைந்தன. தமிழ் நூல்களோ நெடுங்காலம் ரோமன் எழுத்திலேயே பதிவாயின. அந்த எழுத்துப்பெயர்ப்பு முறை மட்டமானதல்ல. ழகரத்துக்குக் கீழே கோடு, ளகரத்துக்குக் கீழே புள்ளி என்று பிசகில்லாமல் வகுத்தது. ஆய்வாளருக்கு அது வரம்.

ஆனால் எடிசனில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், பாட்டி சொன்ன சிலப்பதிகாரத்தை ஆங்கில 'எஸ்' போட்டுத் தேடுவாள். பட்டியலில் சகரத்துக்கு உரியது ஆங்கில 'சி'. 'தி'க்கு அவள் ஒரு 'எச்' சேர்ப்பாள், பட்டியல் சேர்க்காது. இவ்வளவு புகழ்பெற்ற நூலுக்காவது மாற்று எழுத்துக்கூட்டல்கள் குறித்து வைக்கப்பட்டிருக்கும். புதிதாக வந்த ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு யார் குறித்து வைப்பார்கள்? தேடியது கிடைக்காவிட்டால் புத்தகமே இல்லை என்றுதான் அவள் நினைப்பாள். எடுக்க ஆளில்லாத புத்தகம் கடைசியில் கழிவு விற்பனை மேசைக்குப் போகும்.

வழி இல்லாமலில்லை. 2007இலேயே மிச்சிகனின் ஆன் ஆர்பர் நூலகம் தன் பட்டியலை வாசகர்களின் குறிச்சொற்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால் '23 விஷயங்கள்' குறிச்சொல்லை வேறொரு நிறுவனத்தின் தளத்தில் பழகச் சொன்னது. பழகியதைத் தங்கள் பட்டியலுக்குக் கொண்டுவருவதை 24ஆவது வேலையாக வைக்கவில்லை.

அதே காலத்தில் விக்கியை வேறு விதமாகக் கையில் எடுத்தவர்கள் ஈழத்தமிழர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை மறக்காத தலைமுறையினர் 2005இல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். அதன் பட்டியல் நிற்பதே விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளின் மீது. நூற்பெயர்கள் இருப்பது தமிழ் எழுத்தில். ஷார்லட்டில் பயிற்சிப் பாடமாக இருந்த கருவி இவர்களுக்கு நூலகக் கட்டடமாகவே ஆனது. ஷார்லட்டுக்கு இருந்த பணமோ கட்டடமோ சம்பள ஊழியர்களோ இவர்களுக்கு இல்லை. கருவியை எதற்காக எடுக்கிறோம் என்ற தெளிவு இருந்தது.

அந்தத் தெளிவை நமக்கு முன்பே எழுதி வைத்தவர் சீர்காழிக்காரர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை அமெரிக்க நூலகவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது மூன்றாம் விதி. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது நான்காம் விதி. '23 விஷயங்கள்' நூலகரை மாற்றியது. இந்த இரண்டு விதிகளையும் தமிழ் அலமாரி வரை கொண்டுவரவில்லை.

நூலகரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. தமிழ் தெரியாத ஒருவர் எங்கள் தலைப்புகளை எப்படித் தேடுவோம் என்று ஊகிக்க முடியாது. புத்தக அட்டைகளை வாட்ஸப் குழுக்களில் பகிர்வதில் நமக்குச் சலிப்பே இல்லை. நூலகத்தின் கொள்முதல் பரிந்துரைப் படிவத்தை நிரப்புகிறவர்களைத்தான் காணவில்லை. பட்டியல் பதிவில் மாற்றுத் தலைப்புக்கென்றே 246 என்ற புலம் இருக்கிறது. மூல எழுத்துக்கு 880 இருக்கிறது. அடுத்த முறை ஒரு தமிழ் நூலை வாங்கச் சொல்லும்போது அதன் பெயரைத் தமிழிலும், உங்கள் வீட்டுப் பிள்ளை எப்படித் தட்டச்சுவாளோ அந்த எழுத்துக்கூட்டலிலும் எழுதி, இரண்டு புலங்களையும் நிரப்பித் தரும்படி கேளுங்கள். அந்த எழுத்துக்கூட்டலை உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். படிவத்தை அவளே நிரப்பட்டும்.