வையாபுரிப்பிள்ளையின் கால ஆராய்ச்சி: ஒரு மொழியியல் மதிப்பீடு

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் 1951 முதல் 1954 வரை பேராசிரியராக விளங்கியவர் ச. வையாபுரிப்பிள்ளை (1891–1956). இவருடைய கால ஆராய்ச்சி முடிவுகள் வெளிவந்த நாள்தொட்டு ஏற்கப்பட்டதைவிட ஏசப்பட்டதே மிகுதி. தொல்காப்பியத்தைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டிலும் திருக்குறளைக் கி.பி. 600ஐ ஒட்டியும் அவர் வைத்தமை தமிழ்ப் பகையாகவே பேசப்பட்டது. அவருடைய நோக்கம் பற்றிய விவாதம் நீண்ட அளவிற்கு, அவர் கையாண்ட அளவுகோல்கள் மொழியியல் முறையில் சோதிக்கப்படவில்லை. இக்கட்டுரை அச்சோதனையில் ஒரு பகுதியை மட்டும் மேற்கொள்கிறது.

அவர் முறைப்படி தமிழாசிரியராக வளர்ந்தவர் அல்லர். திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று, இந்நகரிலும் பின்னர்த் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். ஆறு தொகுதிகளும் 1936இல் நிறைவெய்தின. ஒரு சொல் எந்நூலில், எவ்வடிவில், எப்பொருளில் வருகிறது என்பதைப் பத்தாண்டுகள் இடைவிடாது நோக்கிய பயிற்சியே அவருடைய கால ஆராய்ச்சிக்கு வித்திட்டது எனலாம். 1940இல் வெளிவந்த 'சங்க இலக்கியம்' பதிப்பில் பாடல்களைத் தொகை வரிசையை விடுத்துப் புலவர் வரிசையில் அவர் அமைத்ததும் இப்பயிற்சியின் விளைவே. ஒரு புலவரின் மொழியை ஒருசேர நோக்க அப்பதிப்பு இன்றும் துணை செய்கிறது.

இனி அவருடைய முதன்மையான அளவுகோலுக்கு வருவோம். வடசொற்கள் மிக்க நூல் பிற்பட்டது என்பது, சுருங்கச் சொன்னால், அவர் கொள்கை. திருக்குறளில் பயிலும் வடசொற்களையும், அதற்கும் வடமொழி நீதி நூல்களுக்கும் இடையிலான கருத்தொற்றுமைகளையும் அவர் சான்றாகக் கொண்டார். இங்கு மொழியியலார் தயங்க வேண்டியுள்ளது. கடன்சொல்லின் எண்ணிக்கை காலத்தைக் காட்டாது. நூலின் பொருளையும், அது எழுந்த சூழலையும் பொறுத்து அது கூடும், குறையும். அறமும் அரசியலும் பேசும் நூலை அகப்பாட்டோடு ஒப்பிட்டு எண்ணுவது எங்ஙனம் பொருந்தும்? மதுரையை அடுத்த மாங்குளம் குகைக் கல்வெட்டுகளில் 'தம்மம்', 'நிகமத்தோர்' போன்ற சொற்கள் காணப்படுகின்றன. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணிக்கிறார். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் எழுத்துச் சான்றிலேயே கடன்சொல் உண்டு என்றால், கடன்சொல் உண்மையே பிற்காலத்துக்கு அடையாளம் என்னும் வாதம் நிற்காது. காலத்தைக் காட்ட வல்லது கடன்சொல்லின் ஒலி வடிவம். பிராகிருதத்தின் வழியே வந்து திரிந்த 'ஆயிரம்' போன்ற சொல்லையும், சமஸ்கிருத எழுத்தை ஒட்டிப் பெயர்க்கப்பட்ட சொல்லையும் ஒரே பட்டியலில் வைத்து எண்ணுதல் தவறு. பேரகராதியில் சொற்பிறப்பை அத்துணை நுணுகிக் குறித்த அறிஞர், காலக் கணிப்பில் இவ்வடுக்குகளைப் பிரித்து நோக்காதது வியப்பிற்குரியது.

எனினும் கல்வெட்டுகள் முழுவதும் அவருக்கு எதிராக நிற்கவில்லை. எழுத்துகளுக்குப் புள்ளியிடுவதைத் தொல்காப்பியம் விதிக்கிறது. தொடக்க நிலைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் புள்ளி இல்லை. பிந்திய நிலையிலேயே அது தோன்றுகிறது. ஆகவே தொல்காப்பியத்தைக் கிறித்துவுக்கு முன் பல நூற்றாண்டுகள் கொண்டு செல்வோரே இதற்கு விடை கூற வேண்டும். கரூரை அடுத்த புகளூரில் ஆதன் செல்லிரும்பொறை, பெருங்கடுங்கோன், இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் குறிக்கப்படுகின்றனர். பதிற்றுப்பத்து அரசரோடு அவர்களை ஒப்பிடுவோர் அக்கல்வெட்டைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கின்றனர். சங்கப் பாடல்களைக் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் வைத்த பிள்ளையவர்களின் கருத்துக்கு இது பெரிதும் மாறுபட்டதன்று. அவரை ஏசியவர்கள் இப்பகுதியைப் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

சீக்கிய வரலாற்றறிஞர் டபிள்யூ. எச். மக்லியாட்டை (1932–2009) இங்கு நினைவுகூர்தல் தகும். நியூசிலாந்தில் பிறந்து, பஞ்சாபிலுள்ள பட்டாலாவில் பணிபுரிந்த அவர், 1968இல் குரு நானக் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 'ஜனம் சாகி' எனப்படும் குருவின் வாழ்க்கைக் கதைகளை அதில் ஆராய்ந்து, அவற்றுள் மிகச் சிலவே வரலாறாக நிற்கும் என்றார். அவரும் கடும் எதிர்ப்பைப் பெற்றார். ஆயின் அவரிடம் இருந்த ஒரு முறை பிள்ளையவர்களிடம் இல்லை. ஒவ்வொரு கதையையும் உறுதியானது, நிகழ்ந்திருக்கக்கூடியது, நிகழ இடமுள்ளது, ஐயத்திற்குரியது, இயலாதது என ஐந்து படிகளாக அவர் வகுத்தார். அவருடைய முடிவை மறுப்பவரும் எந்தப் படியில் மாறுபடுகிறோம் என்று சுட்ட இயலும். வையாபுரிப்பிள்ளையோ வலிய சான்றையும் மெலிய ஊகத்தையும் பெரும்பாலும் ஒரே குரலில், ஓர் ஆண்டெண்ணோடு முடித்துவிடுகிறார். வழக்குமன்றப் பழக்கம் என்று இதனைக் கூறத் தோன்றுகிறது. எதிர்ப்பாளர் அந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டதற்கு அவர் நடையும் ஓரளவு காரணம்.

அவர் மறைந்த 1956ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில இலக்கிய வரலாறே இப்போது பெரிதும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்நூலின் முடிவுகளைவிடப் பேரகராதிக்கு அவர் கொண்ட முறையே இந்நகரத் தமிழாய்வில் நிலைத்தது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அவருக்குப்பின் இத்துறையை வளர்த்த வ. அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டார். கடன்சொல் அடுக்குகளைப் பிரித்துக் காலம் காணும் பணி அத்தகைய அடைவுகளைக் கொண்டே தொடங்கப்பட வேண்டும். பிள்ளையவர்கள் திரட்டிய நூல்களும் சுவடிகளும் கொல்கத்தா தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றைத் தேடித் தமிழாய்வாளர் அங்குத்தான் செல்ல வேண்டியுள்ளது.