மாணவர் பத்திரிகை: யாருடைய கணக்கில்?

1

மாணவர் அரசியல் என்று பேச்செடுத்தால் உடனே 1938, 1965 என்று இரண்டு ஆண்டுகளைச் சொல்லிவிடுகிறோம். 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டது நம் கூட்டு நினைவில் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய எழுச்சிகளைக் கண்ட இந்த நிலத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்களே எழுதி, அவர்களே அச்சிட்டு, நிர்வாகத்திடமும் கட்சியிடமும் கைகட்டி நிற்காமல் வாராவாரம் கொண்டுவரும் செய்தித்தாள் என்கிற வழக்கம் ஏன் வேர்விடவில்லை? மாணவர் இயக்க வரலாறுகளில் இது ஒரு கேள்வியாகக்கூட எழுப்பப்படுவதில்லை.

‘நிர்வாகம் விடாதுங்க’ என்பது நாம் எல்லோரும் வைத்திருக்கும் தயார் பதில். அது பொய்யல்ல, ஆனால் போதாது. ஒடுக்குமுறை மட்டுமே காரணமென்றால் துண்டறிக்கைகளும் வந்திருக்கக் கூடாது. அவை வந்துகொண்டேதான் இருந்தன. வெடிக்கத் தெரிந்த நமக்கு அடுத்த வாரமும் வரத் தெரியவில்லை என்பதுதான் விசயம். சுதந்திரம் என்பதைத் தலையங்கத்தின் குரலாக மட்டுமே நாம் புரிந்து வைத்திருக்கிறோம். அது அச்சுக்கூலியை யார் கொடுத்தது, இந்த வருடத்து ஆசிரியர் படிப்பு முடிந்து போனபின் சாவி யார் கையில், என்கிற கேள்விகளிலும் அடங்கியிருக்கிறது என்பதே இங்கே நான் முன்வைக்க விரும்புவது.

2

நம் கல்லூரிகளில் மாணவர் எழுத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு: ஆண்டு மலர், கையெழுத்துப் பத்திரிகை, நோட்டீஸ்.

ஆண்டு மலரை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் தாளாளர் படம், அடுத்து முதல்வர் வாழ்த்து, பிறகு ஆண்டறிக்கை, தேர்ச்சி விகிதம், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் எடுத்த குரூப் போட்டோ. கடைசியில் நாலு கவிதை: அம்மா, நட்பு, மழை, அப்துல் கலாம். எங்கள் சாணார்பட்டி ஒன்றியத்துக் கிராமங்களிலிருந்து நத்தம் சாலையில் பஸ் பிடித்துத் திண்டுக்கல்லுக்குப் படிக்கப் போகிற, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பெண்ணுக்கு, இந்த மலரில் ‘நான் எனது தாய்க்குச் செய்ய வேண்டியது’ எழுத இடமுண்டு. கல்வி உதவித்தொகை ஏன் இன்னும் வரவில்லை என்று எழுத இடமில்லை. விடுதிச் சோற்றைப் பற்றி, கடைசி பஸ்ஸைப் பற்றி, செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து மிரட்டுகிற ஆசிரியரைப் பற்றி எழுத இடமில்லை. கருத்தியல் தனிமனிதரை ‘விளித்து’த் தனக்கான தன்னிலையாக ஆக்கிக்கொள்கிறது என்று அல்தூசர் சொன்னார். அதற்கு வகுப்பெடுக்க வேண்டுமென்றால் ஆண்டு மலர் ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும். ‘மாணவ மணியே’ என்று அது கூப்பிடுகிறது. திரும்பிப் பார்த்தவள் மணியாகிவிடுகிறாள். இதில் இன்னொரு வேடிக்கை, பல இடங்களில் மலருக்கான காசு மாணவர் கட்டணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது என்பது.

கையெழுத்துப் பத்திரிகை இதற்கு மாற்றாக வந்தது. ஒரு பிரதி, நாற்பது கைகள். அதன் அழகு அதுவே, அதன் எல்லையும் அதுவே. லிங்டோ குழு (2006) பரிந்துரைகள் வந்தபின் மாணவர் பேரவைத் தேர்தலில் அச்சிட்ட சுவரொட்டி, அச்சிட்ட துண்டறிக்கை கூடாது, கையால் எழுதியதே கூடும், வேட்பாளருக்குச் செலவு வரம்பு 5,000 ரூபாய் என்றானது. பண பலத்தைத் தடுக்கிறோம் என்ற நியாயம் சொல்லப்பட்டது. நியாயம்தான். ஆனால் அச்சு என்பதே மாணவரிடம் இருக்கக் கூடாத பொருள் என்கிற பார்வையும் கூடவே சட்டபூர்வமாகிவிட்டது. தேர்தலே நடக்காத கல்லூரிகள் நிறைந்த தமிழ்நாட்டில் இதைப் பற்றி விவாதம்கூட எழவில்லை.

மூன்றாவது நோட்டீஸ். நம்முடைய பெருமையும் சிக்கலும் இங்கேதான்.

3

1942இல் திருவாரூரில் ‘சேரன்’ என்கிற புனைபெயரில் ஒரு மாணவர் துண்டறிக்கை வெளியிடத் தொடங்கினார். அதற்கு முன் ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தியிருந்தார். மாணவர் மு. கருணாநிதி, துண்டறிக்கை ‘முரசொலி’. அது இதழாகி, இடையில் நின்று, 1954இல் சென்னையில் வார இதழாகி, 1960இல் நாளிதழானது. கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் பார்ப்பன மாணவர்க்கும் பார்ப்பனரல்லாத மாணவர்க்கும் தனித்தனித் தண்ணீர்ப் பானை வைத்ததை எதிர்த்த கிளர்ச்சியிலிருந்து 1943இல் திராவிட மாணவர் கழகம் பிறந்ததும் இதே காலம்தான்.

இவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. பானையைப் பற்றிப் பேசியது எந்தப் பல்கலைக்கழக மலரும் அல்ல, நோட்டீஸ்தான். ஆனால் இந்தப் பாதையின் திசையைக் கவனிக்க வேண்டும். மாணவரின் தாள் வளர்ந்தால் அது கட்சியின் நாளிதழாகிறது. பல்கலைக்கழகத்தின் செய்தித்தாளாக ஆவதில்லை. இடதுசாரிகளிடமும் இதே கதைதான். பத்திரிகையைக் கூட்டு அமைப்பாளராகப் பார்த்த லெனினின் 1901ஆம் ஆண்டுக் கட்டுரையை நாம் பாராயணம் செய்தோம். அதில் பத்திரிகை கட்சியைக் கட்டுவதற்கான சாரம். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடலாம். மாணவர் இதழ்களை நாம் நடத்தியதும் அப்படித்தான்: ஆள் சேர்க்க, கிளை திறக்க. ஆள் சேர்ந்ததும் இதழ் நிற்கும், அல்லது மாநிலக் குழுவின் தீர்மானங்களை அச்சிடும். அந்த வளாகத்தில் அந்த வாரம் என்ன நடந்தது என்பது அதில் இருக்காது.

4

நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க 2015 சென்னை ஐஐடி நிகழ்வு உதவும். 2014 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் பெயரே பிளவை உண்டாக்குகிறது, மாற்றுங்கள் என்று முதலிலேயே சொல்லப்பட்டது. அவர்கள் மாற்றவில்லை. அவர்களுடைய துண்டறிக்கையை இணைத்து யாரோ பெயரில்லாமல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் புகார் எழுத, அமைச்சகம் நிறுவனத்திடம் கருத்துக் கேட்க, 2015 மே மாதம் அங்கீகாரம் ரத்தானது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் ஜூன் 7 அன்று திருப்பித் தரப்பட்டது.

வெற்றி என்றே இதைக் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ‘திருப்பித் தரப்பட்டது’ என்கிற சொல்லை யோசிக்க வேண்டும். கொடுத்ததைத்தானே எடுக்க முடியும்? அரங்கு, அறிவிப்புப் பலகை, நிறுவனத்தின் பெயர் எல்லாம் அங்கீகாரத்தில் அடங்குகின்றன. அது வேண்டாமென்றால் விளிம்பில் நிற்க வேண்டும், வேண்டுமென்றால் வாலைச் சுருட்ட வேண்டும். இந்த இரட்டைப் பொறியிலிருந்து வெளியேற நோட்டீஸால் முடியாது.

அமெரிக்காவில் சில மாணவர் பத்திரிகைகள் இந்தப் பொறியைச் சந்தித்த விதம் நமக்குப் பாடமாகலாம். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ‘அலிகேட்டர்’ 1971இல் கருக்கலைப்புக்கு உதவும் இடங்களின் பட்டியலை வெளியிட்டது. அப்படி வெளியிடுவது அந்த மாநிலச் சட்டப்படி குற்றம். ஆசிரியர் கைதானார். அந்தச் சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1973இல் பத்திரிகை வளாகத்தைவிட்டு வெளியேறி, லாபநோக்கற்ற தனி நிறுவனமாகி, விளம்பர வருமானத்தில் இலவசமாக விநியோகிக்கப்படும் தாளானது. பெர்க்லியின் ‘டெய்லி கலிஃபோர்னியன்’ 1971இல் ஒரு தலையங்கத்தால் நிர்வாகத்தோடு மோதிப் பிரிந்தது. இதைச் சொர்க்கமாக நான் காட்டவில்லை. பல்கலைக்கழகத்திடமிருந்து விடுபட்டவர்கள் சந்தையிடம் மாட்டினார்கள். விளம்பரம் இணையத்துக்கு ஓடியதும் தினசரியாக வந்த ‘அலிகேட்டர்’ வாரத்துக்கு ஒன்றாகச் சுருங்கியது. ஆனாலும் அவர்கள் ஒன்றைச் செய்தார்கள்: எதிர்ப்பை ஒரு நிறுவனமாக மாற்றினார்கள். ஆசிரியர் மாறுவார், பெயரும் கோப்பும் கணக்கும் மாறாது.

5

நிர்வாகம், சந்தை, அரசு என்று மட்டும் எதிரிகளை எண்ணிப் பழகியவர்கள் யாழ்ப்பாணத்தையும் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது சில தோழர்களுக்குச் சங்கடமாக இருக்கும், தெரிந்தேதான் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1986இல் விஜிதரன் என்ற மாணவர் கடத்தப்பட்டபோது மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற விமலேஸ்வரன் 1988இல் கொல்லப்பட்டார். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ராஜினி திரணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்த செல்வி, ‘தோழி’ என்ற பெண்ணிய இதழை நடத்தியவர், கவிஞர். 1991 ஆகஸ்ட் 30 அன்று விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவில்லை.

இலங்கை அரசின் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஊர் அது என்பதை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அதனாலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இப்ப இதைப் பேசற நேரமா?’ என்று விடுதலையின் பெயரால் கேட்கப்படும்போது பேச ஓர் இடம் வேண்டும். மாணவர் பத்திரிகையின் சுதந்திரம் என்றால் தன் சொந்த இயக்கத்திடமிருந்தும் சுதந்திரம். ஒரு சிறு இதழ் நடத்திய மாணவியைத் தாங்க முடியாத பெருங்கதையாடல் எதை விடுதலை செய்யும்?

6

இன்றைக்கு ‘வாட்ஸப் இருக்கே, பத்திரிகை எதுக்கு?’ என்கிறார்கள். 2018இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் மாணவிகள், உயர் இடத்து ஆட்களுக்கு ‘அனுசரித்து’ப் போகச் சொன்ன பேராசிரியையின் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்தார்கள். அந்த ஒலிப்பதிவுதான் விசயத்தை வெளியே கொண்டுவந்தது. 2024இல் தண்டனையும் வந்தது. கருவியின் வலிமையை மறுக்கவில்லை. ஆனால் பதிவு பரவியதும் அது தொலைக்காட்சிகளின் சரக்காகிவிட்டது. அடுத்த ஆறு ஆண்டும் அந்த வளாகங்களில் என்ன மாறியது, புகார்க் குழு கூடியதா, யார் உறுப்பினர் என்று மாதாமாதம் கேட்டு எழுத மாணவர்களுக்கென்று ஒரு தாள் இல்லை. பரபரப்பு ஊரைக் கூட்டும். தொடர்ந்து கேட்பதற்குத் தேதி போட்டு வருகிற தாள் வேண்டும்.

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. 1867ஆம் ஆண்டு அச்சுச் சட்டத்தின் இடத்தில் 2023இல் வந்த புதிய சட்டம் 2024 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. இதழை யார் வெளியிடுவது என்று பதிய வேண்டும். மாணவர் பெயரில் பதிந்தால் மூன்றாண்டில் அவர் போய்விடுவார். கல்லூரி பெயரில் பதிந்தால் அது ஆண்டு மலர். கட்சித் தோழர் பெயரில் பதிந்தால் கட்சி இதழ். நம் சிறுபத்திரிகைகள் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுச் சமாளித்தன. எழுத்தாளருக்கு அது போதும், மாணவர் செய்தித்தாளுக்குப் போதாது. வாசலில் நின்று யாருக்கும் கொடுக்க முடியாத தாள் செய்தித்தாளே அல்ல.

ஆகவே என் யோசனை எளியது. பழைய மாணவர்களும் இன்றைய மாணவர்களும் சேர்ந்த ஓர் அறக்கட்டளை அல்லது கூட்டுறவு உரிமையை வைத்துக்கொள்ளட்டும். எதை வெளியிடுவது என்பது படிக்கிறவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும். ஒரே கொடையாளி கூடாது. ஆசிரியர் குழுவில் பாதிப் பேர் முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்களாக இருக்கட்டும், இல்லையென்றால் அடுத்த ஜூனில் பத்திரிகை செத்துவிடும். குழுவில் யார் யார் என்பதையும் பார்க்க வேண்டும்: பெண்களும் தலித் மாணவர்களும் அட்டை வரையவும் கட்டுக் கட்டவும் மட்டும் இருந்தால் அது இன்னொரு அக்ரகாரம். விமர்சிக்கப்பட்டவரின் மறுப்பு அதே அளவு எழுத்தில் வர வேண்டும். ஒவ்வொரு இதழிலும் வரவு, செலவு அச்சாக வேண்டும்.

‘இவ்வளவுதானா? புரட்சி எங்கே?’ என்று கேட்கலாம். தன் வரவு செலவைக் காட்டாத ஒரு தாள், துணைவேந்தரிடம் வரவு செலவைக் கேட்க முடியாது. கேட்டாலும் அவர் பயப்பட மாட்டார். மாணவர் அமைப்புகளில் வேலை செய்கிற தோழர்கள் இதை மறுத்தும் எழுதலாம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள்: உங்கள் அமைப்பையே விமர்சிக்கும் மாணவர் பத்திரிகைக்கு நீங்கள் சந்தா கட்டுவீர்களா?