தோற்றுக் கொடுப்பதன் அரசியல்

1

கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ஒரு அணியில் ஆறு பேர் வெளியே போயாயிற்று. மிச்சம் ஒருவன். அவன் பாடிப் போகிறான். யாரையும் தொட முயலவில்லை. ஓரக்கோட்டுக்கு வெளியே காலை வைத்துவிடுகிறான். அவன் அவுட் ஆனதற்கு ஒன்று, லோனாவுக்கு இரண்டு என எதிரணிக்கு மூன்று புள்ளி கிடைக்கிறது. ஆனால் வெளியே உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு அவன் திரும்பக் களத்துக்குள் வருகிறான். "பய வெவரமா அவுட் ஆயிட்டாம்லே" என்று கூட்டம் கைதட்டுகிறது. யாரும் அவனை ஏமாற்றுக்காரன் என்பதில்லை.

2025இல் மாரி செல்வராஜின் 'பைசன்' வந்தபோது எங்கள் சாகுபுரம், ஆறுமுகநேரி டீக்கடைகளில் கபடிப் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய, அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால், பேச்சில் கொஞ்சம் சொந்தம் கொண்டாடலும் உண்டு. அப்படி ஒருநாள் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அண்ணாச்சி கேட்டார்: "ஒரு ஆளு வேணும்னே அவுட் ஆனா புத்திசாலிங்கோம். ஒரு டீமே வேணும்னே தோத்தா மட்டும் எப்பிடிய்யா களவாணித்தனம் ஆவும்?"

சாதாரணமான கேள்வியில்லை இது. தமிழில் தோற்பது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு, தோற்றுக் கொடுப்பது வேறு. காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்பது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. அதில் தரகனும் பேரமும் உண்டு. அதை இங்கே விட்டுவிடுவோம். வெளியாள் காசு எதுவும் இல்லாமல், தோல்வியே ஒரு அணிக்கு லாபமாக மாறுகிற நிலை எப்படி உருவாகிறது, அந்த லாபம் யாருக்கு வாய்க்கிறது என்பதே இக்கட்டுரையின் அக்கறை.

2

2012 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக். பெண்கள் இரட்டையர் பூப்பந்து. உலகின் முதல் இடத்திலிருந்த சீனாவின் யு யாங், வாங் சியாவோலி ஜோடி தென்கொரிய ஜோடியுடன் மோதியது. சர்வீஸ்கள் வலையில் போய் விழுந்தன. முதல் கேமில் எந்தப் பந்தும் நான்கு அடிக்குமேல் நீடிக்கவில்லை. காசு கொடுத்து வந்திருந்த கூட்டம் கூச்சலிட்டது. இரு தரப்புமே தோற்கப் பாடுபட்டன. அதில் சீனா 'ஜெயித்தது'. அன்றிரவே இன்னொரு கொரிய ஜோடியும் இந்தோனேசிய ஜோடியும் இதே நாடகத்தை நடத்தின. மறுநாள் நான்கு ஜோடிகளும், அதாவது எட்டுப் பெண்களும், வெளியேற்றப்பட்டனர்.

காரணம் எளிது. இன்னொரு சீன ஜோடியான தியான் சிங், ஜாவ் யுன்லெய் அன்று டென்மார்க்கிடம் தோற்றுத் தங்கள் பிரிவில் இரண்டாமிடத்துக்குப் போயிருந்தது. யு யாங் ஜோடி வென்று முதலிடம் பெற்றால் இரண்டு சீன ஜோடிகளும் அட்டவணையின் ஒரே பாதியில் விழும்; இறுதிக்கு முன்பே ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். தோற்றால் தங்கம், வெள்ளி இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. அதுவரை ஒலிம்பிக் பூப்பந்தில் தோற்றவர் வீட்டுக்குப் போகும் முறைதான் இருந்தது. பிரிவுச் சுற்று நுழைந்தது அந்த ஆண்டுதான். தோல்விக்கு லாபம் வைத்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் களத்தில் இல்லை.

எட்டுப் பேர் மீதும் சாட்டப்பட்ட குற்றம், ஆட்டத்தை வெல்லத் தம்மால் இயன்ற அளவு முயலவில்லை என்பது. இங்கே 'ஆட்டம்' என்கிற சொல்லைக் கொஞ்சம் உலுக்கிப் பார்க்க வேண்டும். எந்த ஆட்டம்? அன்றைய ஒரு மணி நேர ஆட்டமா, பதக்கம் வரை நீளும் முழுத் தொடரா? அதிகாரத்தின் சொல்லாடல் தேவைக்கேற்ப இரண்டுக்கும் நடுவே தாவுகிறது. போட்டி நிரலை வகுக்கும்போது தொடர்தான் ஆட்டம். தண்டிக்கும்போது அன்றைய ஆட்டம் மட்டும்தான் ஆட்டம். விதி ஒரு பிரதி என்றால் அதை மிகக் கவனமாக வாசித்தவர்கள் அந்த எட்டுப் பெண்கள். வாசித்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. எழுதியவர்கள் சில மாதங்களில் அதே பிரதியைத் திருத்தினார்கள்: இனி இரண்டாமிடம் பெறும் ஜோடிகளின் எதிராளி மறு குலுக்கலில் முடிவாகும் என்றார்கள். திருத்தம் என்பது குற்ற ஒப்புதல்தான். ஆனால் அதற்கு ஒப்புதல் என்று பெயர் வைக்க மாட்டார்கள்.

3

நம் நண்பர்கள் சிலர் இந்த இடத்தில் உற்சாகமடையக்கூடும். விதியை விதியைக் கொண்டே கவிழ்த்தல், கட்டுடைப்பு, கலகம் என்றெல்லாம் கொண்டாடத் தோன்றும். நான் அதற்குத் தயாரில்லை. களத்தில் நிற்காத மூன்றாவது ஆளை அந்தக் கொண்டாட்டம் மறந்துவிடுகிறது.

1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை 2–1 என்று வீழ்த்தியது. தன் மூன்று ஆட்டங்களையும் முடித்துவிட்டுக் காத்திருந்தது. ஜூன் 25, ஸ்பெயினின் ஹிகோன் நகரம். ஜெர்மனி ஒன்றோ இரண்டோ கோலில் வென்றால் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டும் அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஜெர்மனி சீக்கிரமே ஒரு கோல் போட்டது. பிறகு இருவரும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரியா வெளியேறியது. இரண்டு ஐரோப்பிய நாடுகளின் அனுசரணைக்கு ஒரு ஆப்பிரிக்க நாடு விலை கொடுத்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை. அடுத்த உலகக் கோப்பையிலிருந்து பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தினார்கள், அவ்வளவுதான்.

இதனோடு 1998 டைகர் கோப்பையை வைத்துப் பாருங்கள். ஹோசிமின் நகரில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும். வென்றவர் ஹனோய்க்குப் போய் வியத்நாமை அதன் சொந்த மண்ணில் சந்திக்க வேண்டும். இருவருக்குமே தோற்க ஆசை. கடைசியில் இந்தோனேசியாவின் முர்சித் எஃபெண்டி தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்தார். இரு நாட்டுச் சங்கங்களுக்கும் அபராதம். எஃபெண்டிக்கோ சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஆயுள் தடை. தோற்றுச் சம்பாதித்த அரையிறுதியில் இந்தோனேசியா சிங்கப்பூரிடம் தோற்றது.

லண்டனிலும் ஒரு மூன்றாவது ஆள் உண்டு. நம் ஜ்வாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா ஜோடி தைவானை வென்றது, சிங்கப்பூரையும் வென்றது. ஜப்பானிடம் மட்டும் தோற்றது. ஜப்பான் தைவானிடம் தோற்றதால் மூன்று ஜோடிகளும் சமமாகி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இந்தியா வெளியேறியது. ஜப்பான் முழு மூச்சாக ஆடியதா என்று இந்தியா முறையிட்டது, முறையீடு ஏற்கப்படவில்லை. ஜப்பான் மீது நான் குற்றம் சொல்லவில்லை. வேண்டுமென்றே தோற்றார்களா, நிஜமாகவே தோற்றார்களா என்பதை மூன்றாவது ஆள் ஒருபோதும் நிரூபிக்க முடியாது. திறமையாகத் தோற்பவன் அகப்படுவதில்லை. வலையில் சர்வீஸ் அடித்து அப்பட்டமாகத் தோற்றவர்கள்தான் அகப்பட்டார்கள்.

அகப்பட்ட பிறகும் எல்லோருக்கும் ஒரே விதி இல்லை. யு யாங், வாங் சியாவோலி ஜோடி மறு ஆண்டே உலகச் சாம்பியன் ஆனது. லண்டனில் வெளியேற்றப்பட்ட இந்தோனேசியாவின் கிரேசியா போலி, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஒன்பது ஆண்டு காத்திருப்பு. எஃபெண்டிக்கு எதுவும் மிஞ்சவில்லை.

4

அண்ணாச்சியின் கேள்விக்கு வருவோம். கபடியின் கடைசி ஆள் தரும் மூன்று புள்ளியை அவன் அணியே சுமக்கிறது. எதிரணி கண்ணெதிரே அதைப் பார்க்கிறது, பதிலும் சொல்ல முடியும். தொடரில் தோற்றுக் கொடுக்கும் அணியின் கடனைக் களத்தில் இல்லாத வேறொருவன் அடைக்கிறான். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு ஆட்டம் நிச்சயமாக உள்ளவனால்தான் இன்றைக்கு லாபமாகத் தோற்க முடியும்.

எங்கள் பக்கம் பொங்கலுக்கும் கொடைக்கும் நடக்கும் கபடிப் போட்டிகள் பெரும்பாலும் நாக் அவுட். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே தோற்றுக் கொடுக்கக் காரணமே கிடையாது. ஆனாலும் தோற்றுக் கொடுத்த ஒரு அணியை நான் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு படித்த காலம். ஊர்ப் பெயர் வேண்டாம். போட்டி நடந்தது ஆதிக்க சாதித் தெருவில். அரையிறுதியில் காலனி அணி ஒன்பது புள்ளி முன்னால் இருந்தது. இடைவேளையில் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேப்டனைத் தனியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "விட்டுக் குடுத்திருங்கய்யா. ராத்திரி இந்த வழியாத்தான வீட்டுக்குப் போவணும்." இரண்டாம் பாதியில் அந்த அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் பாடிப் போனான், ஓரக்கோட்டுக்கு வெளியே காலை வைத்தான். அடுத்த முறையும் அப்படியே. இந்தமுறை கைதட்டியவர்கள் வேறு ஆட்கள். பரிசளிப்பில் மைக் பிடித்தவர் 'இரு அணிகளின் விளையாட்டு உணர்வை'ப் பாராட்டினார்.

வெல்ல முயலாதவரைத் தண்டிக்க விதிப் புத்தகத்தில் இடம் இருக்கிறது. வெல்ல விடப்படாதவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அந்தத் தோல்வியாலும் லாபம் வந்தது, ஊரில் 'அமைதி' நிலவியது. ஆக, ஒரு அணி வேண்டுமென்றே தோற்றது என்று அடுத்தமுறை கேள்விப்பட்டால், ஆடியவர்களின் ஒழுக்கத்தைப் பேசத் தொடங்குமுன் அட்டவணை போட்டது யார், நடுவராக நின்றது யார், களம் எந்தத் தெருவில் இருந்தது என்று விசாரிப்போம்.

மறு வருஷப் பொங்கலுக்கு அந்தக் காலனி அணி பெயர் கொடுக்கவில்லை. நுழைவுக் கட்டணம் ஏறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். ஏறவில்லை. அதே தொகைதான்.